"எங்க நாய் சத்தத்துக்குப் பழகிடுச்சு!" - இப்படிச் சொல்பவரா நீங்கள்? முதலில் அதன் காதைக் கவனியுங்கள்

வாலாட்டும் சொந்தம் - வாரத் தொடர்

ஒரு குட்டி விமானம். முன்னால் பைலட். பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு நாய். அதன் தலையில் பெரிய ஹெட்போன். இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் மொபைலுக்கும் வந்திருக்கும். "பார்றா, ஜாலியா பாட்டு கேட்டுக்கிட்டுப் போகுது" என்று சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குத் தள்ளியிருப்பீர்கள்.

அந்த ஹெட்போனில் பாட்டு ஓடுவதில்லை. அதற்குள் ஒயரும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. ஸ்பாஞ்ச் வைத்த இரண்டு கிண்ணங்கள், கழன்று விழாமல் இருக்க ஒரு பட்டை. சத்தத்தைத் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. 'மட் மஃப்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் இந்தக் காதுக்கவசம், சிறிய விமானங்களில் தங்கள் நாயையும் கூட்டிக்கொண்டு பறப்பவர்களுக்காக உருவானது.

அதே வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். பைலட்டும் ஹெட்செட் போட்டிருப்பார். ஒற்றை இன்ஜின் விமானத்தில் இன்ஜினுக்கும் உட்காருபவருக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு தடுப்பு மட்டுமே. உள்ளே சத்தம் பொதுவாக 85 டெசிபலைத் தாண்டும்; 100 டெசிபலை நெருங்கும் விமானங்களும் உண்டு. மனிதர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் எவ்வளவு சத்தத்தில் இருக்கலாம் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான 'நியோஷ்' ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்!

மனிதரின் காதுக்கே இந்தக் கணக்கு என்றால், பக்கத்து சீட்டில் இருக்கும் நாய்க்கு? அதனால்தான் அந்தக் கவசம்.

"நாம என்ன தனி விமானத்துலயா போறோம்? தண்டையார்பேட்டையில இருக்கறவங்களுக்கு இது எதுக்கு?" என்று கேட்பீர்கள். நம்மில் பெரும்பாலானோர் விமானத்தில் நாயைக் கூட்டிப்போகப் போவதில்லைதான். ஆனால், விமானத்துக்குள் இருக்கும் சத்தமும் அதற்கு மேலும் நம் தெருவுக்கே வந்துவிடுகிறதே!

பைலட் தொடங்கிய ப்ளூ கிராஸ்

சிறிய விமானத்தையும் நாயையும் சேர்த்துப் பேசினால் சென்னைக்கு நினைவுக்கு வர வேண்டிய ஒரு தம்பதி உண்டு. கேப்டன் வி.சுந்தரம் - உஷா சுந்தரம். இருவருமே விமானிகள். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அறியப்படுபவர் உஷா. 1951-ல் 'டி ஹாவிலேண்ட் டவ்' என்ற சிறிய விமானத்தை இருவரும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். அது அன்றைக்குப் பெரிய சாதனை.

அதே கேப்டன் சுந்தரம்தான், 1959-ல் மழைநீர் சூழ்ந்த தி.நகர் தெருவில் தவித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தக் குடும்பத்தின் அக்கறை வளர்ந்து, 1964-ல் 'ப்ளூ கிராஸ் ஆஃப் இந்தியா' ஆனது. இன்ஜின் சத்தத்தை வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒருவர், சத்தம் போட்டு உதவி கேட்கத் தெரியாத உயிர்களுக்காக அமைப்பு தொடங்கினார் என்பது நம் ஊர் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

நம்ம ஏரியா சத்தப் பட்டியல்

வடசென்னையில் வளர்ந்தவர்களுக்குச் சத்தம் காற்று மாதிரி. இருப்பதே தெரியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஏர் ஹாரன், ஐ.ஓ.சி பக்கம் வரிசைகட்டும் டேங்கர்கள், கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் ரயில் பெட்டிகளைக் கோக்கும் இடி, காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் பறக்கும் மீன் வண்டிகள்... இவை தினசரிக் கணக்கு.

இவற்றுக்கு மேல் விசேஷக் கணக்கு. ஆடி மாதக் கோயில் கூழ் ஊற்றும்போது கூம்பு ஸ்பீக்கர், கல்யாண ஊர்வலத்தில் பேண்டு, கட்சித் தலைவர் வந்தால் சரவெடி. சாவு ஊர்வலம் என்றால் மேளமும் வெடியும் சேர்ந்தே வரும். தீபாவளியைச் சொல்லவே வேண்டாம்.

இதில் வெடியை மட்டும் தனியாகப் பார்க்கலாம். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசுகளைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது என்கிறது மத்திய அரசின் விதி. அதாவது, சட்டப்படி விற்கும் பட்டாசே அந்த அளவை நெருங்கலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் 125 என்றால் 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107. இது மைதானத்துக்கான கணக்கு. இரண்டு பக்கமும் சுவர் நெருக்கி நிற்கும் நம் சந்துகளில் சத்தம் போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் எகிறும். அவ்வளவாகக் குறையாது.

நான்கு வீடு தள்ளி வெடிக்கிறார்கள் என்றால்கூட, திண்ணையில் கட்டிப்போட்ட நாய்க்கு அது ஒரு நொடி விமான இன்ஜின்தான்.

நாயின் காது எப்படி வேலை செய்கிறது?

மனிதர்கள் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கிறோம். நாய் சுமார் 67 ஹெர்ட்ஸ் முதல் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கனமான ஒலியில் நமக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கீச்சென்ற ஒலிகளில்தான் நம்மைவிட அது பல மடங்கு கெட்டிக்காரர். நீங்கள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே சமையலறை வாசலில் வந்து நிற்பதன் ரகசியம் இதுதான்.

காதின் அமைப்பும் வேறு. நம் காதுத் துவாரம் கிட்டத்தட்ட நேராக உள்ளே போகும். நாய்க்கு முதலில் கீழே இறங்கி, பிறகு 'எல்' எழுத்துப்போல உள்பக்கம் திரும்பும். இதை நினைவில் வையுங்கள்; பஞ்சு வைக்கலாமா என்ற கேள்வி வரும்போது உதவும்.

அந்தத் துவாரத்தின் முடிவில் செவிப்பறை. அதற்கும் உள்ளே நத்தைக்கூடு வடிவில் ஓர் உறுப்பு. அதில் வரிசையாக மிக நுண்ணிய உணர்முடிச் செல்கள். ஒலி வரும்போது இவை வயலில் நாற்று ஆடுவதுபோல அசைந்து, மூளைக்குச் செய்தி அனுப்பும். மெல்லிய காற்றுக்கு ஆடும் நாற்று எழுந்து நின்றுவிடும். புயலடித்தால் சாய்ந்துவிடும். சில நாள்கள் கழித்து எழுபவையும் உண்டு. எழாமலே போவதும் உண்டு. மனிதன், நாய் உட்பட எந்தப் பாலூட்டிக்கும் இந்தச் செல்கள் செத்துப்போனால் திரும்ப முளைப்பதில்லை. சொட்டு மருந்து, எண்ணெய், மாத்திரை எதுவும் அவற்றைக் கொண்டுவராது.

"பழகிடுச்சு" என்றால் என்ன அர்த்தம்?

நாயும் சத்தமும் என்றதும் நாம் பேசுவது பயத்தைப் பற்றித்தான். கட்டிலுக்கு அடியில் ஒளிவது, நடுங்குவது, சாப்பிடாமல் இருப்பது. அது உண்மையான துன்பம்தான், கவனிக்க வேண்டியதுதான். ஆனால் பயம் வேறு, காது கெடுவது வேறு. பயப்படும் நாயை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். பயப்படாத நாயை யாரும் கவனிப்பதில்லை. "எங்க நாய்க்கு எதுவும் ஆகாது, பழகிடுச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

மனசு சத்தத்துக்குப் பழகலாம். காதுக்குள் இருக்கும் செல்கள் பழகுவதில்லை. தைரியமான நாய் வெடிக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதனால் அதிக சத்தத்தை வாங்குவதும் அதுதான்.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஷைஃபெலும் அவர் குழுவும் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாய்கள் காப்பகங்களில் எழும் குரைப்புச் சத்தத்தை அளந்தார்கள். மூடிய கூடங்களில் அது 100 டெசிபலைத் தொட்டது. அங்கே தங்கிய 14 நாய்களுக்குத் தொடர்ந்து கேட்கும் திறன் சோதனை செய்தார்கள். 6 மாதங்களில் 14-க்கும் கேட்கும் திறனில் மாற்றம். அங்கே வெடி இல்லை, மேளம் இல்லை. மற்ற நாய்களின் குரைப்புச் சத்தம் மட்டும்தான்.

அடுத்தது ஹெலிகாப்டர். ராணுவ மோப்ப நாய்கள் அதில் அடிக்கடி பறக்க வேண்டியவை. குறுகிய நேரம் பறந்தாலே அவற்றின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டு, பயிற்சியாளரின் கட்டளையைக் கேட்க முடியாமல் போகலாம் என்று அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2020-ல் சொன்னார்கள். அதற்காகத் தலையோடு ஒட்டிய குல்லாய்போல ஒரு காதுக்கவசத்தையும் உருவாக்கினார்கள். வெடி வாசத்தைத் தேடிப்போகும் நாய்க்கு "நில்" என்ற குரல் கேட்காவிட்டால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். கூடவே போகும் வீரரின் உயிருக்கும் அதுதான் காவல்.

எங்கள் தெரு மணிக்கும் அதே கதைதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் சந்தில் யார் வீட்டு நாயும் இல்லாத, எல்லார் வீட்டு நாயுமான பழுப்பு நிற மணி. மேளம் அடிப்பவர்களுக்கு முன்னால் ராஜநடை போடுவான். சரவெடி வெடித்து முடிந்ததும் காகிதக் குப்பையை முகர்ந்து பார்க்க முதல் ஆளாகப் போவான். "மணி சிங்கம்டா" என்று தெருவே கொண்டாடும். சில வருடங்களில் கூப்பிட்டால் திரும்பாமல் போக ஆரம்பித்தான். "வயசாயிடுச்சு, திமிரு" என்றார்கள். ஒருநாள் காலையில் மீன் டெம்போ ரிவர்ஸ் எடுத்தபோது, பின்சக்கரத்துக்கு நேராகப் படுத்திருந்தவன் அசையவே இல்லை. டீக்கடை அண்ணன் கத்தியதில் டிரைவர் பிரேக் போட்டார், மணி தப்பித்தான். பார்த்த கால்நடை மருத்துவர், வயதும் சத்தமும் சேர்ந்தே காதைக் கெடுத்திருக்கும், எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

கன்டெய்னர் லாரிகள் ஓடும் ஏரியாவில் தெரு நாய்க்குக் காதுதான் உயிர்க்கவசம். அதை இழந்த நாய்க்கு ஒவ்வொரு ரிவர்ஸ் கியரும் ஆபத்து.

பயமா, காது கேட்கவில்லையா? கண்டுபிடிப்பது எப்படி?

பயத்தின் அறிகுறிகள்: வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது, நடுங்குவது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, மூலையைத் தேடுவது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போவது.

காது மந்தமானதன் அறிகுறிகள்: நீங்கள் வீட்டுக்குள் வந்தது தெரியாமல் தூங்கிக்கொண்டே இருப்பது, பெயர் சொன்னால் வேறு பக்கம் திரும்புவது, தொட்டால் திடுக்கிட்டு எழுவது, முன்பைவிடச் சத்தமாகக் குரைப்பது, உங்களைப் பார்த்தால் மட்டும் சொன்னதைச் செய்வது. வேறு பக்கம் திரும்புவது முக்கியமான தடயம். ஒரு காது மட்டும் கெட்டிருந்தால் ஒலி எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நாயின் முன்னால் உட்கார்ந்து அதன் கவனத்தைப் பிடித்து வைக்கட்டும். இன்னொருவர் பின்னால் ஆறேழு அடி தள்ளி, அதன் பார்வையில் படாமல் நின்று சாவிக்கொத்தை ஆட்டட்டும். பிறகு பிஸ்கட் கவரைக் கசக்கட்டும். காலைத் தரையில் தட்டக்கூடாது, அதிர்வு தெரிந்துவிடும். பக்கத்தில் கை தட்டக்கூடாது, காற்று தெரிந்துவிடும். காது அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டு, மூன்று தடவைக்கு மேல் செய்யாதீர்கள்; நாய்க்கு அலுத்துவிடும், கேட்டும் கேட்காததுபோல இருந்துவிடும்.

சந்தேகம் வந்தால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். காதில் அழுக்கு, பூஞ்சை, தொற்று இருந்தாலும் கேட்பது குறையும். அதற்குச் சிகிச்சை உண்டு. வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் இயங்கும், 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எட்டும் தூரம்தான். கேட்கும் திறனைத் துல்லியமாக அளக்க 'பேர்' என்ற சோதனை இருக்கிறது. காதில் 'டிக் டிக்' ஒலி கொடுத்து, மூளை அதற்கு எப்படிப் பதில் தருகிறது என்று தலையில் பொருத்தும் மெல்லிய ஊசி மின்முனைகள் மூலம் பார்ப்பார்கள்.

முதல் கவசம் தூரம், இரண்டாவது சுவர், மூன்றாவது நேரம்

காதுக்கவசம் வாங்குவதற்கு முன்பு, காசு செலவில்லாத மூன்று கவசங்கள் இருக்கின்றன.

தூரம்: மேளச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே நாயை அழைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விடுங்கள். வாக்கிங்கில் இருந்தால் குறுக்குச் சந்தில் திரும்பிவிடுங்கள். வாசலில் நின்று "என்னன்னு பாரு" என்று காட்டவே வேண்டாம். தினசரி நடைக்கு நெடுஞ்சாலை ஓரத்தைவிட உள்தெரு நல்லது. மேளக்காரர் பக்கத்தில் நாய் போவது எவ்வளவு அழகாக இருந்தாலும் வீடியோ எடுக்க நிற்காதீர்கள்.

சுவர்: பெரிய வீடு இருப்பவர்கள் தெருவிலிருந்து தள்ளியிருக்கும் அறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒற்றை அறை வீடு, ஹவுசிங் போர்டு வீடு என்றால்? ஜன்னல், கதவை மூடி, தெருப்பக்க ஜன்னலில் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். கட்டிலைச் சுற்றிக் கனமான போர்வையைத் தொங்கவிட்டு அடியில் இடம் பண்ணிக்கொடுங்கள். புழுக்கத்தில் நாய்க்கு மூச்சு முட்டும். ஃபேன் ஓடட்டும், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். டி.வி-யில் மெல்லிய சத்தம் வைப்பது பயத்தைக் குறைக்கும். வெடியை மறைக்க டி.வி-யை அலறவிட்டால் ஒரு சத்தத்துக்கு இரண்டு சத்தம் ஆகிவிடும்.

நேரம்: தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என இரண்டு மணி நேரம்தான் பட்டாசு வெடிக்க அனுமதி தரப்பட்டுவருகிறது. நடைமுறையில் விடியற்காலையே தொடங்கிவிடும் என்பது நமக்குத் தெரியும். அதனால், முதல் நாள் இரவே நாயை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். சாப்பாட்டையும் வாக்கிங்கையும் மாலை 5 மணிக்குள் முடித்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் மொபைல் எண் இருக்கட்டும். வெடிக்குப் பயந்து ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் ஏராளம்.

பயம் அதிகமுள்ள நாய் என்றால் பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பதற்றத்தைக் குறைக்க நாய்களுக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. வீட்டில் இருக்கும் மனிதர்களின் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பஞ்சு வைக்கலாமா? எண்ணெய் விடலாமா?

இரண்டும் வேண்டாம். 'எல்' வடிவத் துவாரம் என்று சொன்னேன் இல்லையா? பஞ்சு வளைவுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். வெளியே தெரியும் அளவுக்கு வைத்தால், நாய் ஒரு தலை ஆட்டலில் உதறிவிடும். அப்படியே நின்றாலும் பஞ்சு தடுக்கும் சத்தம் சொற்பம். நாம் போடும் ரப்பர் இயர் பிளக்கும் அதன் காதில் பொருந்தாது. பிடுங்கி விழுங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. எண்ணெய் சத்தத்தைத் தடுக்காது. சென்னை ஈரப்பதத்தில் பூஞ்சைக்குத்தான் விருந்து.

காதுக்கவசம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

நாய்களுக்கான காதுக்கவசங்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. துணியால் செய்த இறுக்கமான குல்லாய், கிண்ணம் வைத்த கவசம் என இரண்டு வகை. குல்லாய் சத்தத்தைக் கொஞ்சம் மந்தப்படுத்தி, அணைத்துக்கொண்டதுபோல ஆறுதல் தரும். விமானம், ஹெலிகாப்டர் அளவு சத்தத்துக்குக் கிண்ணம் வைத்த வகைதான் சரி.

தலையின் சுற்றளவை நூலால் அளந்து வாங்குங்கள். கிண்ணம் காது முழுவதையும் மூட வேண்டும். ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சத்தமும் அதே வழியில் நுழையும். தாடைக்குக் கீழே வரும் பட்டை வாயைத் திறக்கவிட வேண்டும். நாய் உடல் சூட்டைத் தணிப்பது மூச்சிரைத்துத்தான்; வாயை இறுக்கிவிட்டால் நம் ஊர் வெயிலில் ஆபத்து.

வாங்கியவுடன் தலையில் மாட்டாதீர்கள். பழக்குவதற்கு இரண்டு, மூன்று வாரமாவது கொடுங்கள்:

1. முதல் சில நாள்கள் கவசத்தைத் தரையில் வையுங்கள். முகர்ந்து பார்த்தால் ஒரு துண்டு சிக்கன் அல்லது பிஸ்கட்.

2. அடுத்து, காதில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். மறுபடி தின்பண்டம்.

3. பட்டை போடாமல் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். பிறகு பட்டையோடு அரை நிமிடம், ஒரு நிமிடம், ஐந்து நிமிடம்.

4. காலால் பிராண்டினால் ஒரு படி பின்னால் போங்கள். திட்டக்கூடாது.

5. வீட்டில் நிம்மதியாகப் போட்டுக்கொண்ட பிறகுதான் சத்தமான இடத்தில். அப்போதும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கவசத்தோடு தனியாக விடக்கூடாது. தெருவில் நடக்க விடவும் கூடாது.

முக்கியமாக, கவசம் இருக்கிறதே என்று நாயைப் பட்டாசுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். அது சத்தத்தைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது.

நிஜமாகவே பறக்கப் போகிறீர்களா?

வெளிநாட்டில் இருக்கும் நம் வாசகர்கள் சிலருக்குச் சிறிய விமானத்தில் நாயோடு போகும் வாய்ப்பு வரலாம். இங்கேயும் தனி விமானம், ஹெலிகாப்டரில் செல்லத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு:

இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன்பே கவசத்தை மாட்டிவிடுங்கள். இன்ஜின் நின்ற பிறகு கழற்றுங்கள். முதல் பயணம் சின்னதாக இருக்கட்டும். சிறிய விமானங்கள் பலவற்றில் கேபினுக்குள் காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி கிடையாது. இறங்கும்போது நமக்குக் காது அடைப்பதுபோல நாய்க்கும் அடைக்கும். நாம் எச்சில் விழுங்குவோம். நாய்க்கு மெல்லவோ நக்கவோ ஏதாவது கொடுத்தால் அதுவும் விழுங்கும், அடைப்பு விடும். காதில் தொற்று இருக்கும் நாயைச் சரியாகும் வரை பறக்கக் கூட்டிப்போக வேண்டாம்.

வழக்கமான பயணிகள் விமானத்தில் கேபின் சத்தம் இதைவிடக் குறைவு. ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து செல்லப்பிராணிகளைக் கேபினுக்குள் அனுமதிக்கிறது. ஏர் இந்தியாவிலும் வசதி உண்டு. எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை, எடை வரம்பும் அவ்வப்போது மாறும். டிக்கெட் போடும் முன்பு கேட்டுக்கொள்ளுங்கள். நாய் பெரியது, சரக்குப் பகுதியில்தான் போகும் என்றால், பறக்கும் நேரத்தைவிட ஓடுதளம் பக்கம் ஜெட் இன்ஜின்களுக்கு நடுவே கூண்டில் காத்திருக்கும் நேரம்தான் காதுக்குக் கடினமானது. விமானத்தில் கடைசியாக ஏற்றி, முதலில் இறக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தூங்கட்டும் என்று மயக்க மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள். உயரத்தில் மூச்சும் இதயமும் தடுமாறும் ஆபத்து உண்டு. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு இது இன்னும் ஆபத்து.

யாரும் இல்லாத மணிகளுக்கு?

வீட்டு நாய்க்குக் கட்டிலும் போர்வையும் இருக்கிறது. தெரு நாய்க்கு நாம்தான்.

தீபாவளி மாலை கேட்டைத் திறந்து வைத்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கை விரித்துப்போடுங்கள். தெரு நாய் தானாக வந்து படுத்துக்கொள்ளும். வெடி வைக்கும் முன்பு வண்டிக்கு அடியில் பாருங்கள். நாய் படுத்திருக்கும் சந்தை விட்டுவிட்டு, தெருமுனை காலி இடத்தில் வெடிக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். வாலில் சரம் கட்டுவதைப் பார்த்தால் சும்மா இருக்காதீர்கள். விலங்குகளைத் துன்புறுத்துவது சட்டப்படி குற்றம்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. அங்கே பட்டாசுக்கும் ஹாரனுக்கும் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அதே விதிகள் சொல்கின்றன. மனிதர்களுக்காக எழுதிய விதிதான். அதை நாம் மதித்தால், தொற்றுநோய் மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியும் தூங்குவார், அதன் மதில் ஓரம் படுத்திருக்கும் நாயும் தூங்கும்.

காது ஏற்கெனவே போய்விட்ட நாயை ஒதுக்க வேண்டாம். கை ஜாடைகளை நாய்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். வா என்றால் கையை இப்படி, உட்கார் என்றால் அப்படி என வீட்டில் எல்லோரும் ஒரே ஜாடையைப் பயன்படுத்துங்கள். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள். மூக்கருகில் கையை நீட்டினால் வாசனையில் விழித்துக்கொள்ளும். வெளியே போனால் கயிறு கட்டாயம். கழுத்துப்பட்டையில் 'காது கேட்காது' என்று எழுதிவிடுங்கள்.

எங்கள் மணிக்கும் இப்போது அப்படி ஒரு சிவப்புப் பட்டை இருக்கிறது. டெம்போ டிரைவர்கள் இறங்கிவந்து தட்டி எழுப்பிவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுக்கிறார்கள். அடுத்து பிறக்கும் குட்டிகளுக்கு அந்தப் பட்டை தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது தெருவின் கையில் இருக்கிறது.

(அடுத்த வாரம்: மழைக்காலத்தில் நாய்க்கு வரும் காது அரிப்பு - வீட்டில் என்ன செய்யலாம், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?)